மிரர் சர்வரில் ஆர்சிங்க்: ஆறு வருடம் கழித்து

லினக்ஸ் மிரர் ஒன்றை, அதாவது லினக்ஸ் மென்பொருள் தொகுப்புகளின் நகலை வைத்திருக்கும் சர்வரை, ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். மூலச் சர்வரிலிருந்து கோப்புகளை இழுக்க முதலில் வைத்திருந்தது எல்எஃப்டிபி என்ற கருவி. ஒரே வரிக் கட்டளை, வேலை முடிந்தது என்று சந்தோஷமாக இருந்தேன். ஆனால் எச்டிடிபி வழியே இழுக்கும்போது அது அடைவுப் பட்டியல் பக்கத்தைப் படித்துத்தான் கோப்பின் அளவையும் நேரத்தையும் கண்டுபிடிக்கிறது. அந்தப் பக்கமோ அளவை '1.2எம்' என்று தோராயமாகத்தான் சொல்லும். மாறாத கோப்பெல்லாம் மறுபடி இறங்கிக்கொண்டே இருந்தது.

அப்புறம் ஆர்சிங்க் என்ற கோப்பு ஒத்திசைவுக் கருவி. 1996-இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் எழுதியது. கோப்பில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் என்பதுதான் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. மிரருக்கு அது பெரிதாக உதவாது. புதுப் பதிப்பு வந்தால் புதுப் பெயரில் புதுக் கோப்பு, ஒப்பிடப் பழையது எங்கே இருக்கிறது? நமக்கு உதவுவது அளவும் நேரமும் ஒன்றாக இருந்தால் தாண்டிப் போய்விடும் அந்தச் சோம்பேறித்தனம்தான். ஒருமுறை கோப்பின் நேரத்தையும் அப்படியே வைக்கச் சொல்லும் -டி (-t) கொடுக்க மறந்துவிட்டேன், நேரம் எதுவும் ஒட்டவில்லை. அடுத்த ஓட்டத்தில் நெட்வொர்க் சும்மா கிடக்க, டிஸ்க் மட்டும் விடிய விடிய எல்லாக் கோப்பையும் படித்துக்கொண்டிருந்தது.

வேகத்தைவிட கோப்புகள் வந்து சேரும் வரிசைதான் என்னைப் படுத்தியது. மென்பொருள் பொதிகள் வருவதற்கு முன்பே அவற்றின் பட்டியல் கோப்பு வந்துவிட்டால், பயனர் கணினியில் பொதிகளை நிறுவும் ஆப்ட், இல்லாத பொதியைத் தேடிப்போய் 404 ('கோப்பு இல்லை') பிழை வாங்கும். பட்டியல்களே பாதி புதிதும் பாதி பழையதுமாக இருந்தால் 'ஹேஷ் சம் மிஸ்மேட்ச்' (சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை) என்று கத்தும். முதல் சுற்றில் பொதிகளை மட்டும் இழுத்து, இரண்டாவது சுற்றில் பட்டியல்களை மாற்றி, பழையவற்றைக் கடைசியில்தான் அழிக்க வேண்டும். டெபியன் லினக்ஸின் எஃப்டிபிசிங்க் ஸ்கிரிப்ட் இதையே செய்கிறது. பெயரில்தான் எஃப்டிபி, உள்ளே ஓடுவது ஆர்சிங்க். நானே எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்டைத் தூக்கிப் போட்டுவிட்டு இதற்கு மாறினேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

மற்ற தொகுப்புகளுக்கு ஆர்சிங்கின் டிலே-அப்டேட்ஸ் (புதுக் கோப்புகளைக் கடைசியில் மொத்தமாக இடம் மாற்றும்), டிலீட்-டிலே (அழிப்பதைக் கடைசிக்குத் தள்ளும்) இரண்டும் போதும். கூடவே, ஓர் ஓட்டத்தில் அதிகபட்சம் எத்தனை கோப்பை அழிக்கலாம் என்று சொல்லும் மேக்ஸ்-டிலீட்டுக்கு ஒரு எண் கொடுத்துவிடுங்கள். ஒரு நாள் நான் இழுக்கும் மூலத்தில் டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை. காலி அடைவு தெரிந்தது. ஆர்சிங்குக்கு அது பிழையே இல்லை. 'எல்லாம் அழிக்கப்பட்டது போல' என்று நம்பி என்னிடம் இருந்ததையும் துடைத்துவிட்டது. திரும்ப நிரப்ப மூன்று நாள்.

ஆர்குளோன் என்ற இன்னொரு ஒத்திசைவுக் கருவியையும் முயன்றேன். ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் எனும் கிளவுட் சேமிப்புக்கு அருமை, ஆனால் ஹார்டுலிங்க்கை (ஒரே கோப்புக்கு இரண்டு பெயர்) காப்பாற்றாது. ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இருக்கும் தொகுப்பில் இடம் இரட்டிப்பாகிவிடும். ஆர்சிங்கிலும் அதற்குத் தனியாக -எச் (பெரிய எழுத்து, -H) கொடுக்க வேண்டும், அது நினைவகத்தை நன்றாகவே தின்னும்.

குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் க்ரானில், எஃப்லாக் என்ற பூட்டுக் கட்டளை போட்டே ஓட்டுகிறேன், முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது கிளம்பாது. இப்போது லாக் கோப்பைத் தினமும் திறப்பதில்லை, வாரத்துக்கு ஒருமுறைதான்.