கொலஸ்டிரமைன் தூள்: மருந்தைக் குறை சொல்லமாட்டேன், ஆரஞ்சைச் சொல்வேன்

கொழுப்பைக் குறைக்க முதலில் எனக்குக் கொடுத்தது ஸ்டேட்டின் மாத்திரை. தொடைத் தசைகள் வலியெடுத்து மாடிப்படி ஏற முடியாமல் போனதால், மருத்துவர் அதை நிறுத்திவிட்டுக் கொலஸ்டிரமைன் தூளை எழுதிக் கொடுத்தார். ஒரு பொட்டலத்தில் 4 கிராம் மருந்து. “ஆரஞ்சுச் சுவைதான் அம்மா, சிரமமே இருக்காது” என்றார் மருந்துக்கடைத் தம்பி. அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்.

பொட்டலத்தைக் கிழித்ததும் மிட்டாய் வாசனை தூக்கலாக வரும். தண்ணீரில் கொட்டினால் தூள் சிறிது நேரம் மேலே மிதந்து, ஊறி, அடியில் போய்ப் படியும். எவ்வளவு கலக்கினாலும் கரையாது. சர்பத்தில் கோலமாவைப் போட்டுக் குடித்தது போல நறநறவென்று பல்லிடுக்கில் நிற்கும். அதைவிடக் கொடுமை, விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் தங்கும் செயற்கை ஆரஞ்சின் கசப்பு. அதன்பின் குடிக்கும் ஃபில்டர் காபியிலும் அதே வாடைதான்.

நறநறப்புக்கு நியாயம் உண்டு. இது கரையாத பிசின் வகை. ரத்தத்தில் கலக்காமல், குடலில், செரிமானத்துக்காகக் கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறுகிறது. புதிதாகப் பித்த அமிலம் தயாரிக்கக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொழுப்பை எடுத்துக்கொள்கிறது. கரைகிற பொருளாக இருந்தால் இந்த வேலை நடக்காது. ஆகவே மணலைப் பொறுத்துக்கொள்கிறேன். அந்த ஆரஞ்சை யார் கேட்டார்கள்?

1984-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மருந்து பெற்ற ஆண்களுக்குத் தினமும் 24 கிராம், அதாவது ஆறு பொட்டலம், என்று வைத்திருந்தார்கள். மாரடைப்பு குறைந்தது உண்மை. முழு அளவையும் பலரால் குடிக்க முடியவில்லை என்பதும் உண்மை. எனக்கு அதில் வியப்பே இல்லை.

மோரில் கலந்து பார்க்காதீர்கள். உப்பும் ஆரஞ்சும் சேர்ந்தால் குமட்டும். இரவே தண்ணீரில் கலந்து குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் நறநறப்பு கொஞ்சம் அடங்குகிறது. மசித்த அன்னாசியில் கலந்தால் வாடையும் பாதி மறைகிறது. உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தால் பல்லில் கறை படியுமாம், ஒரே மூச்சில் குடித்துவிடுகிறேன். தூளை அப்படியே வாயில் போடவே கூடாது, தொண்டையை அடைத்துவிடும்.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். இந்தத் தூள் அதையும் பிடித்துக்கொள்ளும், நான்கு மணி நேரமாவது இடைவெளி தேவை. நான் விடியற்காலையில் மாத்திரையும் மதியச் சாப்பாட்டோடு தூளும் எடுக்கிறேன். மலச்சிக்கல் வரும், கீரையும் தண்ணீரும் கூடுதலாக வேண்டும். டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை ரத்தக் கொழுப்பு அதிகமுள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடவேண்டாம்.

எனக்குக் கெட்ட கொழுப்பு 168-லிருந்து 139-க்கு இறங்கியிருக்கிறது, தொடை வலியும் போய்விட்டது. மருந்துக்கு நான்கு நட்சத்திரம், சுவைக்கு அரை. எங்கள் பகுதிக் கடைகளில் எப்போதும் இருப்பு இருக்காது, தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள்.