ஐபோனா, ஆண்ட்ராய்டா, கையில் இருக்கிற போனே போதுமா?

கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவில் ஒரு போன் கடைக்காரரிடம் "இதில புதுசா என்ன இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். கேமரா, பேட்டரி, நிறம் என்று அடுக்குவார். மென்பொருள் பற்றிப் பேச்சே வராது.

ஒரு காலத்தில் அப்டேட் வந்தாலே போன் மாறியதுபோல் இருக்கும். ஐபோனில் ஒரு வரியை நகலெடுத்து ஒட்டும் வசதியே 2009இல்தான் வந்தது. இத்தனை அடிப்படை ஓட்டைகள் இருந்ததால்தான் அன்று அவ்வளவு வேகம் என்பேன். இப்போது அடைக்க ஓட்டை குறைவு. அதனால் அப்பிளும் ஆண்ட்ராய்டைச் செய்கிற கூகிளும் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்கிறார்கள். ஆண்ட்ராய்டில் 2009இலிருந்தே இருந்த முகப்பு விட்ஜெட்டை (செயலியைத் திறக்காமலே தகவல் காட்டும் சிறு கட்டம்) அப்பிள் 2020இல் கொண்டுவந்தது. பொத்தானுக்குப் பதில் விரலால் இழுத்து நகரும் ஐபோன் எக்ஸின் முறையை ஆண்ட்ராய்டு 10 எடுத்துக்கொண்டது. 2025இல் ஐபோனின் மென்பொருளான ஐஓஎஸ் 18க்கு அடுத்தது 26 ஆனது. எண்ணில் நல்ல பாய்ச்சல்தான், மற்றபடி பெரும்பாலும் திரையில் உள்ளதைக் கண்ணாடி போலக் காட்டும் அலங்காரம்.

ஆனால் தமிழில் புழங்குகிற எங்களுக்குக் கதை வேறு. கூகிள் 2017இல் தமிழ்க் குரல் தட்டச்சைத் தந்தது. வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்றபடி "அம்மா, வர அரை மணித்தியாலம் செல்லும்" என்று சொன்னால் எழுத்தாகிவிடும், எங்கள் பேச்சில் இடைக்கிடை தடுமாறினாலும். கூகிளின் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து சிங்களப் படிவம் ஒன்றின்மேல் கேமராவைப் பிடித்தால் ஓரளவு தமிழில் வாசிக்கலாம். அரச அலுவலக வரிசையில் நிற்பவருக்கு எந்தக் கண்ணாடி அலங்காரமும் இதற்கு ஈடாகாது. அப்பிளின் செயற்கை நுண்ணறிவு வசதியான அப்பிள் இன்டெலிஜென்ஸ் 2024இல் ஆங்கிலத்தில் மட்டும் தொடங்கியது, அதுவும் ஐபோன் 15 ப்ரோவுக்குக் கீழே வராது. கூகிளின் செயற்கை நுண்ணறிவுச் செயலியான ஜெமினி அதே ஆண்டில் தமிழுக்கு வந்துவிட்டது. இந்த விஷயத்தில் என் வாக்கு கூகிளுக்கே.

அதற்காக ஆண்ட்ராய்டு போன்தான் வாங்க வேண்டும் என்றில்லை. இவையெல்லாம் செயலிகளாக வருவதால் ஐபோனிலும் பெரும்பாலானவை கிடைக்கும். நாலு வருஷப் பழைய ஆண்ட்ராய்டிலும் ஓடும். புதுமை போனைவிட்டுச் செயலிக்குக் குடிபெயர்ந்துவிட்டது என்பதுதான் விஷயம்.

சரி, அப்போ காசு எதற்கு? அப்டேட் வருஷங்களுக்கு. 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர் 2024இலும் ஐஓஎஸ் 18ஐப் பெற்றது. ஆண்ட்ராய்டில் கூகிளின் பிக்சல் 8, சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 இரண்டுக்கும் ஏழு வருஷ வாக்குறுதி உண்டு. மலிவு விலை ஆண்ட்ராய்டுகள் பல இதில்தான் சறுக்குகின்றன. பழையதாக விற்கும்போது ஐபோனுக்கு நல்ல விலை போகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கையில் இருப்பதற்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதென்றால் பேட்டரியை மட்டும் மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் கடைசிப் பாதுகாப்பு அப்டேட்டின் திகதி இருக்கும். அது ஒரு வருஷத்துக்கு முந்தியது என்றால் வங்கிச் செயலியை அதில் வைத்திருக்காதீர்கள்.