துப்புரவுத் தொழிலுக்குக் காசு கொடுத்து விளம்பரம்: யாழ்ப்பாணத்தில் சில வருட அனுபவம்

வீடு, தண்ணீர்த் தாங்கி, வளவு துப்புரவாக்கிக் கொடுக்கும் சின்னத் தொழில் எங்களுடையது. இரண்டு அணி, ஒரு ஓட்டோ, ஒரு பிரஷர் வோஷர், தேவைப்பட்டால் வாடகைக்கு ஒரு லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்). கொரோனா முடக்கம் தளர்ந்த காலத்திலிருந்து பேஸ்புக், கூகுள், பத்திரிகை, துண்டுப்பிரசுரம் எல்லாவற்றுக்கும் காசு கொடுத்துப் பார்த்தாயிற்று. இந்தத் தொழிலில் புதிதாக இறங்கும் பெடியங்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணை, பூஸ்ட் போட்டா வேலை வருமோ?" பூஸ்ட் என்பது காசு கொடுத்து பேஸ்புக் பதிவைக் கூடுதல் ஆட்களுக்குக் காட்டுவது. வேலை வரும். வந்த வேலை விளம்பரக் காசைத் தாங்குமா என்பதுதான் கணக்கு. என் அனுபவத்தில் அதைத் தீர்மானிப்பது, வேலைக்குக் காசு தருகிறவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மூன்று அறை வீடு, கனகாலம் பூட்டிக் கிடந்தது, 25,000 ரூபாய்க்குப் பேசினோம் என்று வையுங்கள். நாலு பேருடைய கூலி 12,000. பெற்றோல், மருந்து, சாப்பாடு 4,000. மெசின் தேய்மானத்துக்கு 2,000 ஒதுக்க வேண்டும். மிச்சம் 7,000. இந்த ஒரு வேலையைப் பிடிக்க விளம்பரத்துக்கு 3,000 போயிருந்தால், 25,000 ரூபாயில் அது எட்டில் ஒரு பங்குதானே என்று மனம் ஆறும். 7,000 ரூபாயில் பார்த்தால் பாதிக்குக் கிட்டப் போய்விட்டது. விளம்பரம் விற்க வருகிறவர்கள் எல்லாரும் முதல் கணக்கைத்தான் காட்டுவார்கள். நான் கையில் நிற்கும் காசில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விளம்பரத்துக்குக் கொடுப்பதில்லை. தாங்கி கழுவும் வேலைக்கு மட்டும் கொஞ்சம் கூடக் கொடுப்பேன். ஆறு மாதத்துக்கு ஒருதரம் அதே வீட்டுக்காரர் திரும்பக் கூப்பிடுவார், அந்த இரண்டாவது வேலைக்கு விளம்பரச் செலவே இல்லை.

சரி, பேஸ்புக். பக்கத்தை நடத்தித் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் வந்தது. மாதக் கட்டணம் வாங்கினார்கள், லைக் நிறைய வந்தது, வேலை வரவில்லை. காரணம் எளிது. விளம்பரம் போடும்போது என்ன நோக்கம் என்று பேஸ்புக் கேட்கும். லைக், கொமென்ட் வேண்டும் என்று குறித்தால் லைக் போடும் பழக்கமுள்ளவர்களைத் தேடிப் பிடித்துக் காட்டும். மெசேஜ் வேண்டும் என்றால் மெசேஜ் அனுப்புகிறவர்களிடம் கொண்டுபோகும். கேட்டதைத்தான் அது கொடுக்கும். நாங்களே பொறுப்பெடுத்து வட்ஸ்அப்புக்கு மெசேஜ் வரும்படி மாற்றிய பிறகு லைக் படுத்துவிட்டது, விசாரிப்புக் கூடியது. அதிலும் பெரும்பகுதி "விலை என்ன?" என்று கேட்டுவிட்டு மறைந்துவிடும் ஆட்கள். அதனால் விளம்பரத்திலேயே "20,000 ரூபாயிலிருந்து" என்று எழுதிவிட்டோம். மெசேஜ் குறைந்தது, வந்தவர்கள் வேலை தந்தார்கள். விலையைப் போட்டால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்பது பலருடைய பயம். ஓடுகிறவர் ஓடட்டும், அவருக்குப் பதில் எழுதும் நேரமும் எங்களுடைய காசுதான்.

உள்ளூர் ஆட்களுக்கு பேஸ்புக் விளம்பரம் வருடம் முழுக்கத் தேவையில்லை என்பது என் முடிவு. கோண்டாவிலில் இருக்கும் ஒரு வீட்டுக்காரர் எங்கள் விளம்பரத்தைப் பத்துத் தரம் பார்த்தாலும், கூப்பிடும் முன்பு பக்கத்து வீட்டு அன்ரியிடம்தான் கேட்பார். இங்கே வீட்டைக் கூட்டித் துடைக்க வெளி ஆளுக்குக் காசு கொடுக்கும் பழக்கமும் குறைவு. காசு கொடுப்பது தங்களால் செய்ய முடியாததற்கு: கிணறு இறைப்பது, தாங்கிக்குள் இறங்குவது, பற்றை பிடித்த வளவை வெட்டுவது. வளவு வேலை மாரிக்கு முன்னால் குவியும். ஐப்பசி மழை தொடங்கினால் டெங்குப் பயம், சுகாதாரப் பரிசோதகர் வந்து சிரட்டை, டயர், பீலி எல்லாம் பார்ப்பார், நுளம்புக் குடம்பி கண்டால் வழக்கும் போகலாம். ஆகவே செப்ரெம்பர், ஒக்ரோபரில் மட்டும் உள்ளூருக்குப் பேஸ்புக்கைத் திறப்போம். நகரத்தை மையமாக வைத்து வட்டம் போட்டால் அதில் நல்ல பங்கு கடலுக்குள் விழும், அது வேறு பகிடி.

உண்மையான வாடிக்கையாளர் கனடாவில் ஸ்காபரோவிலும் லண்டனில் ஹரோவிலும் இருக்கிறார். வீடு உரும்பிராயில், திறப்பு அயல் வீட்டில், முடிவெடுக்கிறவர் லண்டனில். ஒருநாள் ஓர் அக்கா எடுத்துக் கதைத்தது இப்படி: "தம்பி, அம்மா செத்த பிறகு வீடு பூட்டிக் கிடக்கு. நல்லூர்த் திருவிழாவுக்குப் பிள்ளையளோட வாறம். உங்கட ஆக்கள் நம்பிக்கையான ஆக்களோ?" விலையை அவர் கடைசியில்தான் கேட்டார். அயலில் கேட்டு விசாரிக்க அவருக்கு ஆள் இல்லை. சொந்தக்காரரைக் கேட்டால் நன்றிக்கடன் சேரும் என்று தயக்கம். இப்படியானவர் இரவில் கூகுளில்தான் தேடுவார். விளம்பரத்துக்குக் கொடுக்கிற காசு வேலை செய்யும் இடம் இதுதான்.

கூகுள் விளம்பரத்தில் இடம் தெரிவு செய்யும் பகுதியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. நீங்கள் யாழ்ப்பாணம் என்று குறித்தாலும், அங்கே இருப்பவர்களோடு அந்த இடத்தில் ஆர்வம் காட்டுகிறவர்களுக்கும் சேர்த்துக் காட்டுவதுதான் அதன் வழமையான அமைப்பு. வீணாகக் காசு போகும், அதை மாற்றி 'இருப்பவர்கள் மட்டும்' என்று வையுங்கள் என்று எல்லாரும் புத்தி சொல்வார்கள். கொழும்பில் பிளம்பர் வேலைக்கு அது சரி. எங்களுக்கு அந்த ஆர்வம் காட்டுகிறவர்தான் வாடிக்கையாளர். பிறகு கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் தனித்தனியாகவே விளம்பரம் அமைத்தோம். அங்கே தேடு சொல்லில் கவனம் வேண்டும். வெறும் 'ஹவுஸ் கிளீனிங்' என்று தளர்வாக விட்டால், ரொறன்ரோவில் தன் அடுக்குமாடி வீட்டைக் கூட்ட ஆள் தேடுகிறவருக்கும் நம் விளம்பரம் போகும். யாருடைய விளம்பரத்தைக் காட்டுவது என்பதைக் கூகுள் ஏலம் வைத்துத்தான் தீர்மானிக்கும், அந்த ஏலத்தில் அந்த ஊர்க் கம்பனிகள் டொலரில் போட்டி போடுகிறார்கள். 'யாழ்ப்பாணம்', 'ஜஃப்னா' சேர்ந்த சொற்றொடருக்கு மட்டும் கட்டுப்படுத்தினால் போட்டிக்கு ஆள் குறைவு, கிளிக் மலிவு. வேலை தேடுகிறவர்களையும் தடுக்க வேண்டும். 'வேலைவாய்ப்பு', 'சம்பளம்', 'வேக்கன்சி' இவற்றை விலக்கு சொற்களில் (தேடலில் இருந்தால் விளம்பரம் காட்டக்கூடாத சொற்கள்) போடாவிட்டால், 'கிளீனிங் வேலைவாய்ப்பு' என்று தேடும் பிள்ளைகளின் கிளிக்குக்கும் நாம்தான் காசு கட்ட வேண்டும்.

இன்னொன்று, ரூபாயில் சொன்னால், ஒரு நாளைக்கு 1,000 என்று வரம்பு வைத்தால் சில நாட்களில் கூகுள் 2,000 வரை எடுக்கும். மாதக் கணக்கில் நாள் வரம்பின் 30.4 மடங்கைத் தாண்டாது. தெரியாதவர்கள் இரண்டாம் நாளே பதறி நிறுத்திவிடுகிறார்கள்.

காலமும் முக்கியம். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது விளம்பரம் போட்டுப் பிரயோசனம் இல்லை, அப்போது எங்களிடம் ஆளே இல்லை. கனடாவில் பள்ளிக்கூடம் ஜூன் கடைசியில் விடும், இங்கிலாந்தில் ஜூலை கடைசியில். ரிக்கெற் எடுக்கிறவர்கள் வீட்டைப் பற்றி யோசிப்பது அதற்கு முன்னால். ஆகவே மே தொடக்கம் ஜூலை நடு வரை கூகுளுக்குக் காசு, திருவிழா 25 நாளும் நிறுத்தம். வேலை நிரம்பிய பிறகும் விளம்பரத்தை ஓட விட்டால் வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்லிக் கெட்ட பெயர் வாங்கலாம், அவ்வளவுதான்.

பொருளாதார நெருக்கடி வந்த 2022ஐ இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. எங்கள் விளம்பரக் கணக்கு டொலரில். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதம் 360 ரூபாயைத் தொட்டது. அதே விளம்பரம், செலவு முக்கால் மடங்கு கூட. பிறகு கியூஆர் குறியீடு வைத்து எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கத் தொடங்கியபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். ஆள் கூப்பிட்டாலும் சாவகச்சேரிக்குப் போய்வர யோசிக்க வேண்டியிருந்தது. அந்த வருடத்து எண்ணை வைத்து விளம்பரம் நல்லதா கெட்டதா என்று யாரும் சொல்லக்கூடாது.

பத்திரிகை விளம்பரத்தை எளிதில் ஒதுக்கிவிடாதீர்கள். சின்ன வரி விளம்பரத்துக்கு வந்த அழைப்புகள் குறைவு, ஆனால் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், தனியே இருக்கும் வயதானவர்கள், நாள் குறித்து வேலை தருகிறவர்கள். துண்டுப்பிரசுரம் எங்களுக்கு எதுவும் தரவில்லை. சந்தியில் பனர் கட்டப் பிரதேச சபை அனுமதி, கட்டணம் என்று அலைய எனக்குப் பொறுமை இல்லை.

காசு கொடுக்காமல் கிடைத்ததில் பெரியது கூகுள் வரைபடப் பதிவு. வீட்டு முகவரியை மறைத்துவிட்டுச் சேவை செய்யும் ஊர்களை மட்டும் குறிக்கலாம், இருபது வரை. மதிப்புரைக்குக் கழிவு கொடுப்பது கூகுள் விதிப்படி கூடாது, நாங்கள் கேட்டு மட்டும் வாங்குகிறோம். படங்களில் அதிகம் வேலை செய்தது வெள்ளை படிந்த குழாயும் குளியலறைத் தரையும். சுண்ணாம்புக் கல் நிலத்துத் தண்ணீர் விட்டுப்போகும் அந்தப் படிவை யாழ்ப்பாணத்தில் வளர்ந்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை, கழுவிய பிறகு எடுத்த படத்தைப் பக்கத்தில் போட்டால் போதும். கொம்பியூட்டரில் செய்த பளபளப்பான படங்களை எவரும் நம்பவில்லை.

எந்த விளம்பரம் வேலை தந்தது என்று அறிய, பத்திரிகைக்கு வேறு சிம், பேஸ்புக்குக்கு வேறு வட்ஸ்அப் இலக்கம் வைத்தோம். "எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்பதில் பயன் குறைவு, மச்சாள் சொல்லி வந்தவரும் "பேஸ்புக்கில" என்பார். இன்னொரு பொறி, நம் தொழிலின் பெயரையே தட்டித் தேடுகிறவருக்கும் விளம்பரம் காட்டிக் காசு எடுப்பது. அவர் எப்படியும் வரவிருந்தவர், அந்தப் பெயரையும் விலக்கு சொல்லில் போட்டோம். சந்தேகம் இருந்தால் ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள், ஆனால் போன வருடத்து அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஆவணியையும் மார்கழியையும் பக்கத்தில் வைத்தால் எந்த விளம்பரமும் தங்கமாகத்தான் தெரியும்.

இப்போதைக்கு எங்கள் ஏற்பாடு: மே, ஜூன், அரை ஜூலை கூகுள், வெளிநாட்டுக்கு மட்டும். மாரிக்கு முன் இரண்டு மாதம் பேஸ்புக், உள்ளூருக்கு. பத்திரிகை தைப்பொங்கலுக்கு முன்னால் ஒருதரம். மற்ற மாதங்களில் மிச்சம் பிடிக்கும் காசு ஈரத்தையும் உறிஞ்சும் ஒரு வக்கியூம் மெசினுக்குப் போகிறது. கம்பளமும் சோபாவும் கழுவ அது இல்லாமல் இந்த வருடம் சில வேலைகளை விட்டுவிட்டோம்.