குளிர்காலத்தில் வெளிக்கதிரைகள்: கராஜா, பேஸ்மென்டா, ஷெட்டா, உறையா?

ஒக்டோபர் முடிவதற்குள் டொராண்டோவில் உறைபனி தொடங்கிவிடும். பின்வளவில் கிடக்கும் கதிரை மேசைகளை எங்கே வைப்பது என்ற பேச்சும் அப்போதுதான் வீட்டில் எழும். ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் நான்கு வழிகள்தான் உண்டு: கராஜ், பேஸ்மென்ட், பின்வளவு ஷெட், இல்லையென்றால் உறை போட்டு வெளியிலேயே விட்டுவிடுவது.

பலரும் குளிர் படாத இடமாகப் பார்க்கிறார்கள். ஈரம் தேங்காத இடமாகப் பாருங்கள் என்பேன். வெறும் குளிர் அலுமினியத்தையோ தேக்கையோ ஒன்றும் செய்துவிடாது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது, அதுதான் ஆளைக் கெடுப்பது. இங்கே ஜனவரியிலும் பகலில் பூச்சியத்துக்கு மேலே ஏறி, இரவில் மைனஸ் பத்துக்கு இறங்கும் நாட்கள் வரும். உருகிய நீர் இடுக்குக்குள் இறங்கி, இரவில் உறைந்து, மறுநாள் இன்னும் ஆழமாகப் போகும். குழாய்க் கால் வைத்த கதிரையைக் கவிழ்த்துப் பாருங்கள். ஆணித்துளை வழியாக இறங்கிய மழைத்தண்ணீர் அடிமூடிக்கு மேலே தேங்கி நிற்கும். அது உறைந்தால் குழாய் புடைத்து, நீளவாக்கில் வெடிக்கும். எங்கே வைப்பதானாலும் அந்த மூடியைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட்டு வையுங்கள்.

கராஜ்தான் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. கார் விடாத கராஜ் என்றால் நல்ல இடம், மறுபேச்சில்லை. கார் விடுகிறீர்கள் என்றால் கதை வேறு. 401 நெடுஞ்சாலையில் ஓடி வந்த காரின் அடியில், பனியை உருக்க வீதியில் தூவும் உப்புக் கலந்து ஒட்டியிருக்கும் சேறு உருகி, தரையில் ஓடி, கதிரைக் கால்களைச் சுற்றித் தேங்கும். காயும், மறுபடி நனையும். இரும்புக் கால் மாரி முடிவதற்குள் கறள் பிடித்துவிடும். கறள் பிடிக்காது என்று நாம் நம்பும் அலுமினியத்திலும் வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழும். வெளியில் பனிக்குள் நின்றிருந்தால்கூட இவ்வளவு உப்புப் பட்டிராது. வேறு இடமே இல்லையென்றால் சுவரில் கொக்கி அடித்துத் தொங்கவிடுங்கள், அல்லது மரக்கட்டை போட்டு உயர்த்தி வையுங்கள்.

பேஸ்மென்ட் மெத்தைகளுக்கான இடம். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஷெட்டிலோ கராஜிலோ குஷனை வைத்தால், குளிருக்கு ஒதுங்கும் சுண்டெலி அதைக் கிழித்துக் கூடு கட்டும். குஷனையும் குடைத்துணியையும் நன்றாகக் காயவைத்து, காற்றுப் போகும் துணிப்பையில் போட்டுக் கீழே இறக்குங்கள். குப்பைப் பையில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். மேசைக் கண்ணாடிக்கும் அதுவே இடம். அட்டையின் மேல் நிறுத்தி, சுவரோடு சாய்த்து வையுங்கள். உறுதியாக்கிய கண்ணாடிக்கு விளிம்புதான் பலவீனம், மூலையில் ஓர் அடி பட்டால் முழுத்தட்டும் பொடியாகிவிடும். ஆனால் தேக்கையும் உண்மையான பிரம்பையும் அங்கே கொண்டுபோக வேண்டாம். ஹீட்டர் ஓடும் வீட்டின் வறண்ட காற்றில் மரம் சுருங்கி, பொருத்துகள் விட்டுப் பிளக்கும். எல்லாவற்றையும் கீழே அடுக்கும் அவசரத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸையும் சுடுதண்ணீர்த் தாங்கியையும் நெருக்கிவிடாதீர்கள்.

வெளியிலேயே விடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எந்த உறை என்பதுதான் கேள்வி. கடையில் மலிவாகக் கிடைக்கும் நீலப் படங்கைப் போர்த்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதுதான் வழக்கம். பெப்ரவரியில் வெயில் அடிக்கும் ஒரு மத்தியானம் அதன் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். உட்புறம் முழுக்க நீர்த்துளி கோத்து நிற்கும், கீழே மரத்தில் கறுப்புப் புள்ளிகள் பரவியிருக்கும். மழையைத் தடுத்த அதே படங்கு ஈரத்தையும் வெளியே விடவில்லை. அப்படிப் போர்த்துவதைவிடத் தேக்கைத் திறந்தே விடலாம், நரைக்குமே தவிர உக்காது. காற்றுத்துளை வைத்துத் தைத்த பொலியெஸ்டர் உறை விலை கூடத்தான். ஆனாலும் அளவாக வாங்கினால் பல மாரிக்குத் தாங்கும். மேசை நடுவில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உறையைப் போடுங்கள். சரிவு கிடைத்தால் பனி தங்காது.

பிளாஸ்டிக்கில் இரண்டு சாதி உண்டு. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் வெள்ளைக் கதிரை பொலிப்புரொப்பிலீன். அது குளிரில் விறைத்து, ஓர் இடி பட்டால் வெடித்துவிடும். பிளாஸ்டிக் பால் கலன்களை உருக்கிச் செய்யும், முதுகு சாய்ந்து கைப்பிடி அகன்ற கனமான மஸ்கோகா கதிரை வேறு ரகம், அது மாரி முழுக்கப் பனிக்குள் நிற்கலாம்.

மாத வாடகைக்கு இடம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஐந்து மாத வாடகையைக் கூட்டிப் பார்த்தால் சாதாரண கதிரைச் செட் ஒன்றின் விலையே வந்துவிடும்.

என் தெரிவு ஷெட். சூடு கிடையாது, உப்பு கிடையாது, பலகை இடுக்கால் காற்று போய்வரும். கூரை ஒழுகாமல் இருக்க வேண்டும், தரையில் இரண்டு கட்டை போட வேண்டும், அவ்வளவுதான். குறை என்னவென்றால், புல்வெட்டும் இயந்திரமும் சைக்கிள்களும் போனபின் மிஞ்சும் இடம் கொஞ்சம். இரும்பை முதலில் வையுங்கள், அப்புறம் பிரம்பு, வெள்ளைக் கதிரைகள், குழாய்க் கால் அலுமினியம். தேக்கு உறைக்குள் வெளியே நிற்கட்டும், மஸ்கோகாவுக்கு உறையும் வேண்டாம். பார்பிகியூவை உள்ளே தள்ளுபவர்கள் முதலில் வால்வை மூடி, புரொப்பேன் சிலிண்டரைக் கழற்றி, வெளியில் நிமிர்த்தி வைத்துவிட வேண்டும். அதை ஷெட்டிலோ கராஜிலோ பேஸ்மென்டிலோ ஒருபோதும் வைக்கக் கூடாது.