காத்து வேற, குளிர் வேற: கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கார் ஏசி கடை

எங்கட கார் 2008 டொயோட்டா விட்ஸ். ஏசியை முழுசாத் திருப்பினாலும் முன் சீட்டில இருக்கிற ஆளுக்குத்தான் முகத்தில கொஞ்சம் காத்துப் படும். பின்னால அம்மா பனையோலை விசிறியோட. ஏப்ரல் வெயிலில வெள்ளவத்தையில இருந்து கொட்டாஞ்சேனைக்குப் போறதுக்குள்ள அந்த விசிறிச் சத்தம் என்னைக் குத்திக்கொண்டே வரும்.

வீட்டுக்குக் கிட்ட உள்ள கராஜில ரெண்டு தரம் ஏசிக்குக் குளிராக்கிற கேஸ் அடிச்சம். அடிச்ச அண்டைக்கே ஒரு மாற்றமும் இல்லை. மூண்டாந்தரமும் கேஸ் எண்டு சொல்ல, வேலையிடத்தில ஒருவர் சொன்ன பஞ்சிகாவத்தைக் கடைக்குப் போனன். ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகளுக்கு நடுவில ஒரு ஷட்டர் அகலம்தான்.

கடைக்கார நானா பொனட்டைத் தொடவே இல்லை. உள்ளுக்கு ஏறி, காத்து வேகத்தை ஒண்டில இருந்து நாலு வரைக்கும் திருப்பினார். மோட்டர் சத்தம் ஏறினது, காத்து ஏறேல்லை. "நாலாவது மட்டும் வேலை செஞ்சா வேகத்தைக் குறைக்கிற ரெசிஸ்டர் போயிருக்கும். இது அது இல்ல மிஸ். ஓட ஓடக் குறையுதா, ஸ்டார்ட் பண்ணினதும் இப்பிடித்தானா?" எண்டு கேட்டார். தொடக்கமே இப்பிடித்தான் எண்டன். நல்லா வந்து பிறகு குறைஞ்சு, கொஞ்ச நேரம் நிப்பாட்டினாப் பிறகு திரும்ப வந்தால்தான் கூலிங் கொயிலில ஐஸ் பிடிக்குதாம்.

குளவ் பொக்ஸைக் கழட்டி ஏசி பில்டரை இழுத்தார். காகிதம் எண்டு சொன்னாத்தான் தெரியும். கறுத்த கம்பளி மாதிரி, மடிப்புக்குள்ள இலைச் சருகு. ஆறு வருஷமா ஓடுறன், அங்க ஒரு பில்டர் இருக்கெண்டே எனக்குத் தெரியாது. பில்டர் இல்லாமல் போட்டுப் பார்த்தார், காத்து வந்தது. நான் அதோட முடிஞ்சுதெண்டு பர்ஸை எடுக்க, "இன்னும் பாதி எங்கயோ நிக்குது" எண்டு கீழ குனிஞ்சு, காத்தைத் தள்ளுற புளோவரைக் கழட்டினார். அணில் கூண்டு மாதிரி அந்தச் சக்கரத்தின்ர ஒவ்வொரு தகட்டுக்குள்ளயும் தூசி அப்பிக் கிடந்தது. தகடு வளைஞ்சிருக்கிறதாலதான் காத்தை அள்ளித் தள்ளுமாம். வளைவு நிரம்பினால் மோட்டர் சும்மா சுத்தும். பிரஷ் போட்டுக் கழுவி, காய வைச்சுப் பூட்டினார். கொயிலுக்கு நுரை அடிக்க, காருக்குக் கீழ பிளேன்ரீ நிறத்தில தண்ணி வடிஞ்சது.

கேஸ் அளவு பார்க்கிற கேஜ் போட்டது கடைசியாத்தான். கேஸ் சரியா இருந்தது. "காத்து வேற, குளிர் வேற மிஸ். கேஸ் குறைஞ்சா வாற காத்து சூடா வரும், ஸ்டார்ட் பண்ணின உடனே காத்துக் குறையாது." அதைப் பார்த்ததுக்குக் காசு எடுக்கேல்லை. புது பில்டர் 2,800 ரூபா, கூலி 6,000. ரெண்டு தரம் கேஸ் அடிச்ச காசு இதைவிடக் கூட. பில்டரில அம்புக்குறி காத்துப் போற பக்கம் பார்க்க வேணும், கழுவக் கூடாது எண்டும் காட்டித் தந்தார்.

குறையும் இருக்கு. கார் நிப்பாட்ட இடமில்லை, நான் மூண்டு மணித்தியாலம் வெயிலில நிண்டன். பில் கேட்டால் சிகரெட் பெட்டி மட்டையில எழுதித் தருவார். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாவுக்குப் பூட்டு. குளவ் பொக்ஸ் இப்ப பள்ளத்தில விழேக்க கடகடக்குது. போன் எடுத்துச் சொன்னன், பத்து மணிக்கு முதல் வந்தால் நிண்ட நிலையில இறுக்கித் தாறனெண்டார்.