போக்கிமான் எமரால்டு பழைய கேசட் வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்: 4,800 ரூபாய் போச்சு

4,800 ரூபாய். நின்டென்டோவின் பழைய கையடக்கக் கேம் கருவியான கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்த போக்கிமான் எமரால்டு கேம், ஒரிஜினல் என்று சொல்லித் தலையில் கட்டப்பட்ட டூப்ளிகேட் கேசட்டுக்குப் போன பணம். பழைய சாமான்களை ஆளுக்கு ஆள் விற்கிற ஒரு ஆப்பில் வாங்கியது. விற்றவர் கைவிரித்துவிட்டார், ஆப்காரர்கள் கைகழுவிவிட்டார்கள். அதே ஆள் வேறு படம் போட்டு அதே கேசட்டை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார். அதனால்தான் சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

நம்ப வைத்தது எது தெரியுமா? குறையை அவராகவே சொன்னது. "சார், முன்னாடியே சொல்லிடறேன், ஆன் பண்ணதும் உள்ள பேட்டரி தீர்ந்துடுச்சுன்னு ஒரு மெசேஜ் வரும். பழைய கேசட்னா அப்படித்தான். கேம் நல்லா ஓடும்." இப்படிப் பேசுகிறவர் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? எமரால்டு அமெரிக்காவில் வெளிவந்தது 2005-இல். உள்ளே இருக்கும் சிஆர்1616 பேட்டரி இத்தனை வருஷத்தில் தீர்ந்திருப்பதுதான் இயல்பு, ஒரிஜினலிலும் அந்த மெசேஜ் வரும். ஆனால் அந்தப் பேட்டரியில் ஓடும் கடிகாரச் சிப்பே வைக்காத டூப்ளிகேட்டிலும் அச்சு அசலாக அதே மெசேஜ்தான் வரும். அதைத் தெரிந்துகொண்டே அந்த ஆள் பேசியிருக்கிறார்.

கேசட் நன்றாகவே ஓடியது, சேவும் ஆனது. கேமின் கடைசிக் கட்டத்தில் வரும் எலைட் ஃபோர் என்ற நாலு பேரை முடித்து, சாம்பியன் வாலஸையும் ஜெயித்து, ஜெயித்த அணியைப் பதியும் ஹால் ஆஃப் ஃபேம் ஓடி, கேம் தானாக சேவ் செய்தது. அடுத்து ஆன் செய்தால் மெனுவில் நியூ கேம் மட்டும். கன்டினியூவே இல்லை. இந்த ரகக் கேசட்டுகள் பலதும் காலை வாருவது இந்த இடத்தில்தான். எமரால்டுக்கு 128 கேபி ஃபிளாஷ் நினைவகம் வேண்டும். வழக்கமான சேவ் அதில் இரண்டு பிரதியாக மாறி மாறி எழுதப்படும். ஹால் ஆஃப் ஃபேம் பதிவு கடைசிப் பகுதியில் தனியாகப் போகும். மலிவுச் சிப்பை ஒட்டி, கேமையும் திருத்தி ஏமாற்றி ஓட வைத்த கேசட் அங்கே தடுமாறி, இருந்ததையும் சேர்த்து அழித்துவிடும். போனதில் மைலோட்டிக் என்ற அரிய போக்கிமானும் இருந்தது. ரூட் 119-இன் ஆற்றில் ஆறே ஆறு கட்டத்தில் மட்டும் சிக்கும் ஃபீபாஸ் என்ற மீன் போக்கிமானைத் தேடிப் பிடித்து, போக்கிபிளாக் என்ற தீனியை ஊட்டி ஊட்டி அழகை 170-க்கு ஏற்றினால்தான் அது கிடைக்கும். விளையாடியவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு வேலை என்று.

கேட்டதற்கு விற்றவர் சொன்ன பதில்: "அதான் பேட்டரி இல்லைன்னு அன்னைக்கே சொன்னேனே ப்ரோ, அதனாலதான் சேவ் போச்சு." நன்றாகக் கவனியுங்கள், டூப்ளிகேட் என்பதற்கு இந்தப் பதிலே சாட்சி. ஒரிஜினல் எமரால்டில் சேவுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமே இல்லை. பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். அது தீர்ந்தால் கேமுக்குள் நட்ட பெர்ரி வளராது, ஷோல் குகையில் ஓதம் மாறாது, சேவ் அப்படியே இருக்கும். பேட்டரி தீர்ந்தால் சேவ் போவது அதற்கு முந்தைய போக்கிமான் கேம்களான கோல்டு, சில்வர், கிறிஸ்டல் காலத்துக் கேசட்டில். இதை விளக்கி எழுதியதும் "விளையாடி முடிச்சிட்டு காசு கேக்கறீங்களா" என்று ஒரு வரி, பிறகு பிளாக். ஆப்பில் புகார் கொடுத்தால் "ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது". டூப்ளிகேட்டுக்கும் அதே விதியா என்று கேட்டால் "உங்கள் கருத்துக்கு நன்றி". 4,800 ரூபாய்க்கு நன்றி சொல்கிறார்கள்!

கழற்றிப் பார்த்தாயிற்று. ஒரிஜினல் போர்டில் கேம் சிப், ஃபிளாஷ் சிப், சின்னக் கடிகாரச் சிப், பற்றவைத்த பேட்டரி எல்லாம் தனித்தனியாக இருக்கும், நின்டென்டோ என்று அச்சும் இருக்கும். இதில் கறுப்புப் பசை ஒரு சொட்டு, பக்கத்தில் பெயரில்லாத ஒரு சிப். அவ்வளவுதான். இதற்கு 4,800.

விவரமாகப் பட்டியல் போட இப்போது பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முன்பக்கப் படமும் டைட்டில் ஸ்கிரீன் வீடியோவும் போதவே போதாது, அது எல்லாவற்றிலும் ஓடும். கேசட்டின் அடிப்பக்க இடுக்கைப் படம் கேளுங்கள், தங்கநிறப் பின்களுக்கு மேலே போர்டில் நின்டென்டோ பெயர் தெரிய வேண்டும். லேபிளைச் சாய்த்துப் பிடித்தால் அழுத்திப் பதித்த ஒரு எண் தெரிய வேண்டும். மை அச்சு கணக்கில்லை. எமரால்டின் பிளாஸ்டிக் ஒளி ஊடுருவும் பச்சை. பின்னால் இருப்பது சாதாரண பிளஸ் ஸ்க்ரூ என்றால் வாங்காதீர்கள், ஒரிஜினலில் மூன்று கால் ஸ்க்ரூதான். நின்டென்டோ டிஎஸ் கருவிக்கு வந்த அடுத்த போக்கிமான் கேம்களான டைமண்ட், பேர்ல் பக்கம், அவற்றில் உள்ள பால் பார்க் வழியாகப் போக்கிமான்களை ஆறு ஆறாக அனுப்பலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள், டிஎஸ்ஸின் கீழ் ஸ்லாட்டில் போட்டு பேர்ல் மெனுவில் எமரால்டு பெயர் வருகிறதா என்று வீடியோ வாங்குங்கள். டிஎஸ்ஸின் ஹார்ட்கோல்டு, சோல்சில்வர் கேம்களைத் தேடுகிறவர்களுக்கு: அந்தக் கேசட் கறுப்பு, வெளிச்சத்தில் பிடித்தால் கருஞ்சிவப்பாகத் தெரியும். சாம்பல் நிறத்தில் காட்டினால் அங்கேயே விட்டுவிடுங்கள். பேட்டரி மெசேஜைப் பற்றி விற்பவர் தானாகப் பேச்செடுத்தால், போர்டின் படம் கைக்கு வரும்வரை ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.