ஒன்லுக் தளத்தில் நீண்ட ஆங்கிலச் சொற்களைத் தேடுதல்

குறிப்பிட்ட எழுத்துகள் அமைந்த நீண்ட ஆங்கிலச் சொற்களைத் தேடுவோருக்கு ஒன்லுக் என்னும் இலவச இணைய அகராதித் தேடலைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். கேள்விக்குறி ஒரே ஓர் எழுத்துக்கும் நட்சத்திரக்குறி எத்தனை எழுத்துகளுக்கும் இடம் விடுவதால், ஏ, இ, ஐ, ஓ, யு ஆகிய ஐந்தின் முன்னும் பின்னும் நட்சத்திரங்களை இட்டுத் தேடினால், அவ்வுயிரெழுத்துகள் அதே வரிசையில் வரும் ‘ஃபசீஷியஸ்’, ‘அப்ஸ்டீமியஸ்’ போன்றவை கிடைக்கின்றன; வரிசையைத் தலைகீழாக்கினாலோ 14 எழுத்துகள் கொண்ட ‘சப்கான்டினென்டல்’ அகப்படுகிறது. இவ்வழியில் தேட எழுத்துகளின் வரிசை முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது ஒரு குறைதான். பெயர்களும் சொற்றொடர்களும் முடிவுகளில் கலந்து வருவதால், ஸ்கிராபிள் என்னும் சொல் அமைக்கும் பலகை விளையாட்டை ஆடுவோர் தங்கள் போட்டிக்குரிய சொற்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எதையும் ஏற்க வேண்டும்.